புக்கிட் பாஞ்சாங்கில் வீடு எடுக்கலாமா? இலகு ரயிலை நம்பலாமா?

வணக்கம். சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில், செகார் இலகு ரயில் நிலையத்தருகே வாடகைக்கு அறை கிடைத்திருக்கிறது, ஆனால் அந்தக் குட்டி ரயில் அடிக்கடி நின்றுவிடும் என்று பயமுறுத்துகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பயமுறுத்தியவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அது பழைய கதை.

1999 நவம்பரில் திறந்த இதுதான் சிங்கப்பூரின் முதல் இலகு ரயில். விமான நிலையங்களில் முனையத்துக்கு முனையம் ஓடுமே, அந்த வகை வண்டி, ஓட்டுநர் கிடையாது. அதை மேடும் வளைவுமான பாதையில் ஓடவிட்டால் என்ன ஆகும்? குலுங்கும், நிற்கும். ஒன்று மட்டும் அழகு: அடுக்குமாடி வீடுகளை ஒட்டிப் போகும்போது சன்னல் கண்ணாடி தானாகவே மங்கிவிடும். முதல் தடவை பார்த்தபோது கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்!

2018இல் புதுப்பிப்பு ஒப்பந்தம் போட்டார்கள். 19 வண்டிகள் புதிது, 13 பழையவற்றுக்கு மராமத்து, சமிக்ஞை முறையும் மாறுகிறது. புது வண்டிகள் 2024இலேயே ஓடத் தொடங்கிவிட்டன.

உங்கள் வேலை நகர மையத்தில் என்றால், புக்கிட் பாஞ்சாங்கில் இறங்கி டௌன்டவுன் பாதை மெட்ரோ ரயில் பிடியுங்கள். 2015 கடைசியில் அது வந்தபிறகு மெட்ரோ பிடிக்கச் சுவா சூ காங் வரை போகவேண்டிய அவசியமில்லை. செகார் இலகு ரயிலின் வட்டப்பாதையில் இருப்பதால், அதன் இரு திசைகளான செஞ்சா வழி, பெட்டிர் வழி இரண்டுமே உங்களுக்கு ஒத்துவரும். எது முதலில் வருகிறதோ ஏறிவிடுங்கள். அப்புறம், கையெழுத்துப் போடுமுன் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கிருந்து ஏறிப் பாருங்கள்.