தங்கை கல்யாணத்துக்குப் போவதா என்று எந்த மொழியில் முடிவெடுப்பது?

தேவகோட்டைத் தம்பிக்கு,

மெல்போர்ன் வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது, தங்கை திருமணத்துக்குப் போக வேண்டாம் என்று ஆங்கிலத்தில் கணக்குப் போட்டால் சரியாகப்படுகிறது, தமிழில் நினைத்தால் நெஞ்சு கனக்கிறது, இதில் எது என் மனம் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் உங்கள் மனம்தான். சூடுதான் வேறு.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஒரே கணக்கை 'இத்தனை பேர் பிழைப்பார்கள்' என்று சொன்னால் ஒரு முடிவும் 'இத்தனை பேர் சாவார்கள்' என்று சொன்னால் வேறு முடிவும் எடுப்பது மனித இயல்பு. பின்னாளில் கற்ற மொழியில் கேட்டபோது அந்தத் தடுமாற்றம் மறைந்ததை சிகாகோ பல்கலைக்கழகத்தின் போவாஸ் கீசர் குழு 2012இல் கண்டது. ஐவரைக் காப்பாற்ற ஒருவரைப் பாலத்திலிருந்து தள்ளிவிடலாமா என்ற கேள்விக்கு, அயல்மொழியில் கேட்டபோது அதிகம் பேர் சம்மதித்தார்கள் என்றது ஆல்பர்ட் கோஸ்டா குழுவின் 2014 ஆய்வு. பிறமொழி உணர்ச்சியிலிருந்து நம்மைத் தள்ளி நிறுத்துகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். சம்பளம் பேசவும் கடன் பத்திரம் படிக்கவும் அந்தத் தள்ளி நிற்றல் எனக்கு மிகவும் உதவியிருக்கிறது.

குடும்ப விஷயத்தில் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கானாடுகாத்தானில் எங்கள் பூர்விக வீட்டை விற்கும் பேச்சு 2009இல் வந்தது. பங்காளிகள் நான்கு நாடுகளில் இருந்தோம். இளையவர்களுக்குத் தமிழ் எழுத வராது என்பதால் கடிதங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். ஓடு மாற்றும் செலவு, வரி, ஆளுக்கு எவ்வளவு. பத்தே நிமிடத்தில் சம்மதம் எழுதிவிட்டேன். இரவு அப்பத்தா தொலைபேசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அப்படியானால் இனி நாம் படைப்பை எங்கே வைப்பது?"

படைப்பு என்ற சொல் அத்தனை கடிதங்களிலும் ஒருமுறைகூட வரவில்லை. முன்னோருக்குப் படைக்கும் இடத்தைத்தான் விற்கிறோம் என்பது யார் கண்ணிலும் படவில்லை. அந்த 'நாம்' என்னை இன்னும் விடவில்லை. ஆங்கிலத்தில் நாங்களும் நாமும் ஒரே சொல். எங்கள் சொத்து என்று நான் படித்துக்கொண்டிருந்ததை அப்பத்தா தம்மையும் என்னையும் சேர்த்து நம் வீடு என்று பேசினார். தமிழில் எழுதியிருந்தால் அவரைச் சேர்ப்பதா விடுவதா என்று ஒவ்வொரு வரியிலும் நான் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். வீடு கைமாறிவிட்டது.

ஊர்க் காரியம் எதுவானாலும் இப்போது முதலில் தமிழில் ஒரு பக்கம் எழுதிப் பார்க்கிறேன். நீங்களும் விடுப்பு பற்றி அலுவலகத்துக்கு எழுதுமுன், அறையில் தனியாக, "நம் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் வரவில்லை" என்று உரக்கச் சொல்லிப் பாருங்கள்.