மூன்று பேர் வீட்டுக்கு ஒரு வாக்குவம் கிளீனர்

கேள்வி: நாங்கள் மூன்று தோழிகள். விடுதியைக் காலி செய்துவிட்டு முதல் தடவையாகச் சேர்ந்து வாடகை வீடு எடுத்திருக்கிறோம். மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை, தரை முழுக்க டைல்ஸ். பக்கத்து மனையில் கட்டட வேலை நடக்கிறது. எனக்குத் தூசி ஒவ்வாமை. வீடு பெருக்கினால் அரை மணி நேரம் தும்முவேன். ஆளுக்கு 2,500 போட்டு 7,500 ரூபாயில் வாக்குவம் கிளீனர் வாங்கலாம் என்று முடிவு செய்தோம். ஒருத்தி ரோபோ கேட்கிறாள், இன்னொருத்தி வயர் இல்லாதது வேண்டும் என்கிறாள். “டைல்ஸ் தரைக்கு எதுக்கு அதெல்லாம், விளக்குமாறு போதாதா” என்கிறார் என் அம்மா. எதை வாங்குவது?
– பெயர் வேண்டாம், சரவணம்பட்டி, கோவை

பதில்: கண்ணு, அம்மா சொல்வதில் பாதி சரி. டைல்ஸ் தரைக்கு ஈரத்துணியை மிஞ்சிய மெஷின் கிடையாது. கட்டட வேலை நடக்கிற இடத்திலிருந்து ஆடிக் காற்று அள்ளி வந்து போடுகிற சிமென்ட் தூளுக்கு முக்கியமாக ஈரத்துணிதான். அந்தத் தூளை வாக்குவத்தில் இழுக்கவே கூடாது. மாவு மாதிரி நைசாக இருப்பதால் பத்தே நிமிடத்தில் ஃபில்டரை அடைத்துவிடும். ஃபில்டரைத் தாண்டிப் போனால், மோட்டார் தண்டு சுழலத் தாங்குகிற பேரிங்கை அரிக்கும். கோலமாவுக்கும் இதே கதிதான். புதுப் பூந்துடைப்பம் வாங்கியிருந்தால், அதுவே முதல் சில வாரம் தூள் கொட்டும், உன் தும்மலுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மொட்டை மாடியில் நன்றாகத் தட்டிவிட்டு உபயோகியுங்கள்.

அம்மா சொல்லாத மறுபாதி மெத்தையும் தலையணையும். தூசி ஒவ்வாமை பலருக்கு வருவது கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சியின் எச்சத்தால். அது குடியிருப்பது தரையில் இல்லை, நாம் படுக்கிற இடத்தில். விளக்குமாறு அங்கே எட்டாது. மெத்தை, திரைச்சீலை, சோபா மடிப்பு, கொசுவலை அடித்த ஜன்னல், தள்ளுகிற ஜன்னலின் தடம், கட்டிலுக்கு அடி என்று இத்தனைக்கும்தான் உங்களுக்கு மெஷின் வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ரோபோ இந்த வேலை எதையும் செய்யாது. தரையில் மட்டும் ஓடும். சாதாரணமாக இரண்டு சென்டிமீட்டர் உயரம் வரைதான் அது ஏறும். நம் ஊர் வீட்டு நிலைப்படி பலதும் அதைவிட உயரம். சார்ஜர் வயரும் துப்பட்டா நுனியும் கிடக்கிற அறையில் சுற்றிக்கொண்டு நின்றுவிடும். வயர் இல்லாதது கேட்கிற தோழியின் ஆசையை நான் தள்ளவில்லை. கையில் எடுத்தவுடன் வேலை நடக்கும், அது பெரிய விஷயம். ஆனால் அட்டையில் போட்டிருக்கும் நாற்பது நிமிடக் கணக்கு குறைந்த வேகத்துக்கு. மெத்தைக்கு வேண்டிய முழு வேகத்தில் வைத்தால் பல மெஷின்கள் பத்து நிமிடம்கூடத் தாங்காது. மூன்று நான்கு வருடத்தில் பேட்டரியும் சோர்ந்துபோகும். 7,500 ரூபாய்க்குள் வயர் உள்ள மெஷின் தருகிற இழுவையை பேட்டரி மெஷின் தராது.

ஆக, சக்கரம் வைத்த, வயர் உள்ள, பை போடுகிற மெஷின். பை எதற்கு என்று கடைக்காரர் கேட்பார், பெட்டி வைத்ததைக் காட்டி ‘பை வாங்குகிற செலவு மிச்சம்’ என்பார். பையில்லாத பெட்டியைக் குப்பைக்கூடையில் கவிழ்த்துப் பார்த்திருக்கிறாயா? பிடித்த தூசியில் ஒரு பங்கு புகையாகக் கிளம்பி முகத்துக்கே வரும். தும்முகிற பிள்ளை இருக்கிற வீட்டில் மெஷின் ஓட்டியதன் பலனே போய்விடும். துணிப் பையை உதறுவதும் அப்படித்தான். கழற்றி அப்படியே எறிகிற பையாக இருக்கட்டும். வாங்கும் முன் பையின் விலையைக் கேள், கோவையிலேயே கிடைக்குமா என்றும் கேள். பை கிடைக்காத மெஷின் ஆறு மாதத்தில் பரணுக்குப் போய்விடும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கணபதியில் 27 வருடமாக மோட்டார் காயில் கட்டுகிறேன். கணவர் தொடங்கிய பட்டறை, அவரிடம் பழகிய கை. மூன்று வருடம் முன்பு பீளமேட்டில் சேர்ந்து தங்கியிருந்த நான்கு பையன்கள் ஒரு வாக்குவத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாங்கி எட்டு மாதம். “இழுக்கவே மாட்டேங்குதுக்கா, அப்புறம் கருகின வாடை வந்து நின்னுபோச்சு” என்றார்கள். மூடியைத் திறந்தால் பை தலையணை மாதிரி இறுகிக் கிடக்கிறது. கத்தரியால் கீறிப் பிரித்தேன். தலைமுடி, சாம்பல் நிறப் பஞ்சு, இரண்டு ரூபாய் நாணயம் ஒன்று, ஊக்கு, பாதி மாத்திரை அட்டை. எட்டு மாதமாக ஒருவர்கூட பை மாற்றவில்லை. அவன் மாற்றியிருப்பான் என்று இவனும், இவன் மாற்றியிருப்பான் என்று அவனும் இருந்திருக்கிறார்கள்.

பை நிறைந்தால் மோட்டார் ஏன் போகிறது என்று தெரிந்துகொள். மிக்ஸியில் இருக்கிற அதே வகை மோட்டார்தான் இதிலும். நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். உலர்ந்த தூசிக்கு மட்டுமான மெஷினில், உறிஞ்சுகிற காற்றுதான் மோட்டார் வழியாகப் போய் அதைக் குளிர வைக்கிறது. பை அடைத்தால் காற்று இல்லை, காற்று இல்லாவிட்டால் சூடு. இதை மெஷினே வாய்விட்டுச் சொல்லும். அடைப்பு இருந்தால் சத்தம் மெலிந்து ‘கீ’ என்று மேலே ஏறும். தள்ளக் காற்று இல்லாததால் மோட்டாருக்குப் பாரம் குறைந்து வேகம் கூடுகிறது, அதனால் வருகிற சத்தம். அதைக் கேட்ட உடனே நிறுத்திவிட்டு பை, ஃபில்டர், குழாய் மூன்றையும் பார். அந்தப் பையன்களின் மெஷினில், மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மேச்சரில் வார்னிஷ் கருகிக் கம்பி தெரிந்தது. புதிதாகக் கட்டிக் கொடுத்தேன், அரை மெஷின் விலை ஆயிற்று.

வாட்ஸைப் பார்த்து மயங்காதே. வாட்ஸ் என்பது கரன்ட் எவ்வளவு தின்கிறது என்கிற கணக்கு, இழுவை எவ்வளவு என்கிற கணக்கு இல்லை. ஐரோப்பாவில் 2017-லிருந்து 900 வாட்ஸுக்கு மேல் வீட்டு வாக்குவம் விற்பனைக்கு வரக்கூடாது என்று விதி. அந்த 900-ல் அங்கே வீடுகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன. உங்களுக்கு 1,200 போதும். 230 வோல்ட்டில் அது ஐந்து ஆம்பியருக்குச் சற்று மேலே வரும், சாதாரண ஆறு ஆம்பியர் பிளக்கில் ஓடும். 1,600 வாட்ஸ் என்றால் ஏழு ஆம்பியர், ஏசி பிளக் தேட வேண்டும். வாடகை வீட்டில் மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி உருக்கிக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கரன்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம். 1,200 வாட்ஸை 25 நிமிடம் ஓட்டினால் அரை யூனிட். வாரம் இரண்டு தடவை என்றாலும் இரண்டு மாதத்துக்கு ஒன்பது யூனிட்.

ஃபில்டரில் ‘ஹெப்பா’ (நுண்தூசியையும் பிடிக்கிற ரகம்) என்று இருந்தால் பக்கத்தில் எச்-13 என்று தரம் போட்டிருக்கிறதா பார். ‘ஹெப்பா ரகம்’, ‘ஹெப்பா போல’ என்பதற்கெல்லாம் அளவுகோல் கிடையாது. நல்ல ஃபில்டர் இருந்தும் மூடி ரப்பர் சரியாக உட்காராவிட்டால் தூசி சந்து வழியாக வெளியே வந்துவிடும். வீட்டுக்கு வந்த அன்று இரவே விளக்கை அணைத்து, மெத்தையில் ஐந்து நிமிடம் ஓட்டி, காற்று வெளியேறுகிற இடத்துக்குக் குறுக்கே டார்ச் அடி. வெளிச்சத்தில் தூசி ஆடாமல் இருந்தால் நல்ல மெஷின். ஆடினால் பில்லோடு அடுத்த நாளே கடைக்குப் போ.

மெஷின் ஓட்டுகிற வேலையை நீ எடுக்காதே. ஓட்டும்போது அறையை விட்டு வெளியே இரு, முடிந்து அரை மணி கழித்து வா. அதற்கு ஈடாகப் பாத்திரமோ துணியோ உன் பங்கில் கூடட்டும். உயிரோடு இருக்கிற பூச்சி மெத்தை நூலைப் பற்றிக்கொண்டு பெரும்பாலும் வராது. எச்சமும் தூசியும்தான் வரும். அதனால் விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு தடவை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். இதற்கும் அடங்காமல் இழுப்பு வந்தால் டாக்டரிடம் போக வேண்டும், மெஷினை நம்பி இருக்கக் கூடாது.

கடைசியாகப் பணம். ஆளுக்கு 2,500 போடாதீர்கள் கண்ணு. ஒருத்திக்குக் கல்யாணமோ, பெங்களூரு மாற்றலோ வரும். அன்றைக்கு அந்த மெஷினில் மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு என்று உட்கார்ந்து பேசுவது நல்ல சிநேகத்தைக் கசக்க வைக்கும். வாக்குவத்தை ஒருத்தி முழுக்க வாங்கட்டும், மிக்ஸியையும் குக்கரையும் இன்னொருத்தி, அடுப்பையும் சிலிண்டர் டெபாசிட்டையும் மூன்றாமவள். தொகை கொஞ்சம் முன்பின் வந்தால் அரிசி, மளிகையில் சரிக்கட்டிக்கொள்ளலாம். பிரியும்போது அவரவர் பொருளை அவரவர் எடுத்துப் போகலாம். பை மாற்றுகிற நாளை மட்டும் மாதத்தின் முதல் ஞாயிறு என்று காலண்டரில் எழுதி, யார் என்று பெயரும் போடுங்கள்.

கேள்வி: அண்ணன் தன் பழைய வாக்குவம் கிளீனரை எங்கள் அறைக்கு 1,500 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். ஆறு வருடம் ஆனது. வாங்கலாமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: ஓட்டிப் பார்த்து வாங்குங்கள் தம்பி. இருட்டில் ஓட்டி, காற்றுச் சந்து வழியாக உள்ளே பாருங்கள். அங்கங்கே சின்ன நீலப்பொறி வந்தால் பயமில்லை. வட்டமாக ஆரஞ்சு நெருப்பு சுற்றினால், சுழலும் பாகத்துக்குக் கரன்ட் கொண்டுபோகிற கார்பன் கட்டை தேய்ந்திருக்கிறது, இல்லை அது உரசுகிற செம்பு வளையமான கம்யூட்டேட்டர் போயிருக்கிறது. கார்பன் மட்டும் என்றால் செலவு அதிகம் இல்லை, ஜோடியாக மாற்றிவிடலாம். அடுத்து, சுவிட்சை அணைத்துவிட்டுக் காதைக் கொடுங்கள். ‘ஊ’ என்று வழுவழுப்பாக இறங்கி நிற்க வேண்டும். கரகரவென்று அரைத்துக்கொண்டு நின்றால் பேரிங். குழாய் நுனியை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். தோலைப் பிடித்து இழுக்கவில்லை என்றால் குழாயில் எங்கோ விரிசல் இருக்கும்.

எல்லாம் சரி என்றாலும் அந்த மாடலுக்குப் பை இன்னும் வருகிறதா என்று விசாரித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி: தண்ணீரும் உறிஞ்சும் என்று சொல்லி விற்ற மெஷின் வாங்கினேன். ஒரு தடவை பால்கனி மழைத்தண்ணீரை இழுத்ததிலிருந்து நாற்றம் தாங்கவில்லை.
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: காகித ஃபில்டரைக் கழற்றாமல் இழுத்திருக்கிறீர்கள். தண்ணீருக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டர் தனியாகக் கொடுத்திருப்பார்கள், அதை மாட்ட வேண்டும், பையையும் எடுத்துவிட வேண்டும். நனைந்த தூசி காகிதத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. அந்த ஃபில்டரை எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். தொட்டியையும் குழாயையும் சோப்புத் தண்ணீரில் கழுவி ஒரு முழு நாள் காயவிடுங்கள். குழாயைச் சுருட்டி வைக்காமல் கொடியில் நீளமாகத் தொங்கவிட்டால்தான் மடிப்புக்குள் நிற்கிற தண்ணீர் வடியும்.