ஸ்கைரிம் வீடியோ கேம் உலகில் இறந்தவர்களின் ஆன்மா எங்கே போகிறது? மறுபிறவி உண்டா?

எல்லோருக்கும் ஒரே இடம் கிடையாது. 2011இல் வந்த ஸ்கைரிம் கதைப்படி, வீரமாக மாண்ட நார்டுகள் (அந்த நாட்டின் மனித இனம்) சோவன்கார்டு என்ற வீரசொர்க்கத்துக்குப் போகிறார்கள். ஓநாய் மனிதர்களின் ஆன்மா ஹிர்சீன் என்ற வேட்டைத் தேவனின் வேட்டைக்காட்டுக்குச் சொந்தம். மறுபிறவியும் உண்டு: நினைவழிந்த ஆன்மாக்கள் ட்ரீம்ஸ்லீவ் என்ற மறுபிறவிப் பாதை வழியாகத் திரும்பப் பிறக்கும் என்று அந்த உலகத்தில் நம்புகிறார்கள்.

ஆனால் என்னை உலுக்கியது, ஆன்மாவை அடைத்துவைக்கும் கற்களில் ஒன்றான கறுப்பு ஆன்மக்கல்தான். சாதாரணக் கல்லில் விலங்குகள், அரக்கர்கள் போன்றவற்றின் ஆன்மா மட்டுமே அடங்கும். கறுப்புக் கல்லில் மனிதரையே அடைக்கலாம். அதைச் செலவழித்து வாளுக்கு மந்திரம் ஏற்றினால், அந்த ஆன்மா சோல் கெய்ர்ன் என்ற பாழ்நிலத்தில் என்றென்றைக்கும் சிக்கிவிடும். சொர்க்கமும் இல்லை, மறுபிறவியும் இல்லை. 2012இல் வந்த டான்கார்டு என்ற கூடுதல் பகுதியில் அங்கே நேரிலேயே போகலாம். ஓர் ஆவி, தன் குதிரை ஆர்வாக்கின் மண்டையோட்டைத் தேடித் தரச்சொல்லிக் கெஞ்சும். அதைப் பார்த்த பிறகு நான் கறுப்புக் கல்லைத் தொடுவதே இல்லை.

அப்புறம் டிராகன்கள். அவற்றைக் கொன்றாலும் ஆன்மா அழியாது. எலும்புக்கூடாகக் கிடந்தாலும் அவற்றின் தலைவனான ஆல்டுயின் என்ற டிராகன் கூப்பிட்டால் எழுந்துவிடும். டிராகன்பார்ன் (நாம் ஆடும் நாயகன்) அந்த ஆன்மாவை உறிஞ்சினால்தான் அதற்கு உண்மையான சாவு.