ஆயிரம் விமானம் வாங்கினாலும் உங்கள் மகளுக்கு எத்தனை மணி நேரம்?

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதம் கிடைத்தது. பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படிக்கும் மகள். கரூரில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுக்கும் கணவர். "மாமன் இருக்கும்போது என்ன கவலை, அவளைப் பைலட் ஆக்கியே தீருவேன்" என்று ஷார்ஜாவிலிருந்து வாரம் தவறாமல் பேசும் உங்கள் தம்பி. பூர்வீக வீட்டை வங்கியில் வைத்தால் பயிற்சிக் கட்டணம் தேறிவிடும் என்று கணக்கும் போட்டாகிவிட்டது. "பயமாக இருக்கிறது, தைரியம் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறீர்கள்.

உங்கள் மகள் கெட்டிக்காரி. அது கடிதத்திலேயே தெரிகிறது. அதற்கு மேல் தைரியம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது.

தம்பியின் வாதம் இதுதான்: இண்டிகோ 2023 ஜூனில் ஒரே மூச்சில் 500 ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது, ஏர் இந்தியா அதே ஆண்டு பிப்ரவரியில் 470 விமானங்களை அறிவித்தது, ஆகவே பைலட்டுக்குப் பஞ்சம் வரும், லட்சங்களில் சம்பளம் கொட்டும். செய்தி உண்மைதான். ஆனால் இண்டிகோவின் அந்த 500 விமானங்களும் 2030-க்கும் 2035-க்கும் இடையில் வந்து சேர வேண்டியவை. வீட்டுக்கடனின் மாதத் தவணை அதுவரை காத்திருக்காது.

விமானியின் சம்பளம் எப்படி வருகிறது என்பதை உங்கள் தம்பி விசாரித்தாரா? மாதம் இத்தனை மணி நேரத்துக்கு உறுதியான தொகை, அதற்கு மேல் பறந்தால் மணிக்கு இவ்வளவு. நம் நாட்டில் பெரும்பாலும் இதுதான் அமைப்பு. அந்த 'மணி' சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுப்பதில் தொடங்கி, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைப்பதோடு முடிந்துவிடும். சீருடையோடு விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம், மூடுபனி விலகக் காத்திருக்கும் நேரம் எல்லாம் மீட்டர் ஓடாத ஆட்டோ போலத்தான். ஆகவே, நிறுவனத்திடம் எந்த விமானம் இருக்கிறது, அதில் எத்தனை பறக்கும் நிலையில் இருக்கின்றன என்பதுதான் விமானியின் வருமானத்தைத் தீர்மானிக்கிறது. அவருடைய திறமைக்கு இதில் பங்கு குறைவு.

2024 வசந்தத்தில் நடந்ததைப் பாருங்கள். ஏர் இந்தியாவோடு இணையவிருந்த விஸ்தாரா என்ற விமான நிறுவனம், புதிய ஊதிய ஒப்பந்தத்தில் 70 மணி நேரத்துக்கு உறுதியாக இருந்த தொகையை 40 மணி நேரத்துக்கு என்று குறைத்தது. விமானிகள் பலர் உடல்நலமில்லை என்று விடுப்பு எடுத்தார்கள், விமானங்கள் வரிசையாக ரத்தாயின. அவர்கள் எல்லாரும் பயிற்சி முடித்து, வேலையில் இருந்து, நன்றாகப் பறந்துகொண்டிருந்தவர்கள். இரண்டு நிறுவனங்கள் ஒன்றானபோது சம்பளக் கணக்கு மாறியது, அவ்வளவுதான்.

அடுத்தது 'டைப் ரேட்டிங்', அதாவது ஒவ்வொரு விமான வகைக்கும் தனியாக வாங்க வேண்டிய தகுதி. 200 மணி நேரம் பறந்து வணிக விமானி உரிமம் வாங்கிவிட்டால் எந்த விமானத்தையும் ஓட்டலாம் என்று உங்கள் வீட்டில் நினைப்பதாகத் தெரிகிறது. அப்படி இல்லை. ஏர்பஸ் ஏ320 குடும்பத்துக்குத் தனிப் பயிற்சி, போயிங் 737-க்குத் தனி, ஏடிஆர் என்ற சிறிய புரொப்பெல்லர் விமானத்துக்குத் தனி. ஒவ்வொன்றுக்கும் பல லட்சம் செலவு. 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியபோது, அங்கிருந்த 737 விமானிகள் வெளியே வந்து பார்த்தால், நாட்டின் மிகப் பெரிய நிறுவனம் ஏ320-களால் நிரம்பியிருந்தது. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த அனுபவம் இருந்தும் மறுபடி வகுப்பறையில் உட்கார வேண்டி வந்தது. ஆகாசா என்ற புதிய விமான நிறுவனத்தில் இதற்கு நேர் எதிர்: ஆட்களை முன்கூட்டியே எடுத்துவிட்டார்கள், போயிங் நிறுவனம் விமானங்களை நேரத்துக்குத் தரவில்லை, விமானிகள் பலர் பறக்க விமானமின்றிக் காத்திருந்தார்கள்.

எஞ்சின் கதை இன்னும் மோசம். ஏ320 நியோவில் பொருத்தப்பட்ட பிராட் அண்ட் விட்னி எஞ்சின்களில் ஒரு வகை உலோகத்தூள் பாகத்தில் குறை இருப்பதாக 2023-இல் தெரியவந்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்துக்குள் இண்டிகோவில் மட்டும் 70-க்கும் மேற்பட்ட விமானங்கள் தரையில் நின்றன. அதே நிறுவனத்தின் எஞ்சின்களையே நம்பியிருந்த கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம், 2023 மே மாதம் திவால் மனு போட்டு மூடியே போனது. இடைவெளியை நிரப்ப நிறுவனங்கள் வெளிநாட்டிலிருந்து விமானங்களை விமானிகளோடு சேர்த்தே வாடகைக்கு எடுக்கும் வழக்கமும் உண்டு. துருக்கிய ஏர்லைன்ஸிடமிருந்து இண்டிகோ எடுத்த பெரிய 777 விமானங்களை ஓட்டியவர்கள் அந்தத் துருக்கிய நிறுவனத்தின் விமானிகள். விமானம் கூடியது என்பது செய்தி. ஆனால் அதில் நம்மூர்ப் பிள்ளைக்கு நாற்காலி இல்லை.

அன்றாடப் பாடும் விமானத்தைப் பொறுத்து மாறும். சென்னையிலிருந்து தூத்துக்குடி, சேலம் போன்ற ஊர்களுக்குப் போகும் ஏடிஆரில் ஒரே நாளில் நாலைந்து முறை ஏறி இறங்க வேண்டும். வேலை நேரம் நீளும், கணக்கில் ஏறும் மணி குறைவு, ஆனால் பல இரவு வீட்டில் தூங்கலாம். கண்டம் தாண்டும் பெரிய விமானத்தில் ஒரே பறத்தலில் பதினைந்து மணி நேரம் சேர்ந்துவிடும். உறக்கம் எந்த நாட்டு நேரத்துக்கு வரும் என்பதுதான் கேள்வி. எது வேண்டும் என்று நிறுவனம் உங்கள் மகளைக் கேட்கப்போவதில்லை.

"2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ததே, பைலட் போதவில்லை என்றுதானே?" என்று தம்பி கேட்பார். விமானிகளின் வாராந்திர ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆனது, இரவில் தரையிறங்கும் வரம்பு ஆறிலிருந்து இரண்டானது. அந்தப் புதிய விதிகளுக்கு நிறுவனம் தயாராகவில்லை. சரி, விமானி தேவைதான். ஆனால் கேப்டன் நாற்காலியில் உட்கார 1,500 மணி நேர அனுபவத்தோடு அதற்கான உயர் உரிமம் வேண்டும். பயிற்சிப் பள்ளியிலிருந்து 200 மணி நேரத்தோடு வரும் பிள்ளை அந்தக் காலியிடத்தை நிரப்ப முடியாது. துணை விமானிக்கான வரிசை நீளம்.

இனி உங்கள் மகளைப் பற்றி. கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: ஞாயிற்றுக்கிழமை அப்பா கடையில் எரிந்துபோன காயிலைப் பிரித்து, சுற்று எண்ணி, கம்பியின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்து, நோட்டில் எழுதி வைக்கிறாள் என்று. அதை நீங்கள் ஒரு குறையாகச் சொல்கிறீர்கள், "கை எல்லாம் வார்னிஷ்" என்று. எனக்கு அந்தக் கடிதத்தில் வேறு எதுவுமே தேவைப்படவில்லை. பறக்க ஆசை என்று அவள் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை, ஆசைப்படுவது மாமன்.

பொறியியல் கலந்தாய்வு, நீட் பற்றியெல்லாம் ஊரே உங்களுக்குச் சொல்லும். நான் சொல்ல வருவது விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம். ஏஎம்இ என்பார்கள். ஏரோநாட்டிக்கல் பி.இ. வேறு, இது வேறு. அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு விமானத்தைப் பறக்க விடலாம் என்று கையெழுத்துப் போட முடியாது. கையெழுத்துப் போடும் அதிகாரம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ தரும் உரிமத்தில்தான் இருக்கிறது. விமானத்தில் வேலை முடிந்ததும், 'பறக்கத் தகுதியானது' என்ற சான்றில் உரிமம் பெற்ற பொறியாளர் ஒப்பமிடாவிட்டால் கேப்டன் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் விமானம் நகராது.

பிரிவுகள் உண்டு. பி1.1 என்பது டர்பைன் எஞ்சின் விமானத்தின் (ஜெட், ஏடிஆர் இரண்டும் இதில் அடங்கும்) உடற்பகுதி, எஞ்சின், அதோடு சேர்ந்த மின் அமைப்பு. பி2 என்பது மின்னணுவியல்: வழிகாட்டும் கருவிகள், ரேடியோ, தானியங்கி இயக்கம். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் ஏறத்தாழ இரண்டு ஆண்டு படிப்பு, பிறகு உண்மையான விமானங்களில் செய்முறைப் பயிற்சி. பாடங்களுக்கு 'மாட்யூல்' என்று பெயர். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுத்தாக வேண்டும். மூன்றாவது மாட்யூல் மின்னியல் அடிப்படை: டிசி மோட்டார், ஜெனரேட்டர், டிரான்ஸ்பார்மர், ஏசி மோட்டார். உங்கள் மகள் அதில் பாதியை விரலால் படித்துவிட்டாள். ஒன்பதாவது மாட்யூல் மனிதத் தவறுகளைப் பற்றியது: களைப்பு, மங்கல் வெளிச்சம், அவசரத்தில் விட்டுப்போகும் திருகு. எண்ணியதை உடனே நோட்டில் எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்தப் பாடத்தின் அருமை புரியும்.

இப்போது விமானங்கள் மாறும் விஷயத்துக்கு வாருங்கள். பொறியாளருக்கும் டைப் ரேட்டிங் உண்டு. ஆனால் விமானிக்கு ஏ320 என்றால் எஞ்சின் எதுவானாலும் ஒரே ரேட்டிங். பொறியாளருக்கோ எஞ்சினோடு சேர்த்துத்தான் உரிமத்தில் ஏறும். பிராட் அண்ட் விட்னி பொருத்தியது ஒன்று, லீப் எஞ்சின் பொருத்தியது இன்னொன்று. இண்டிகோ 2019-இல் லீப் எஞ்சினுக்கு மாற முடிவெடுத்தபோது விமானிக்குப் பெரிய மாற்றம் இல்லை. பொறியாளரின் உரிமத்தில் இன்னொரு வரி சேர வழி பிறந்தது. அந்த வரிகள் கூடக்கூடப் பேரம் பேசும் பலம் கூடும்.

தரையில் நிற்கும் விமானத்துக்கும் வேலை உண்டு. மாதக்கணக்கில் நின்றால் டயர் ஒரே இடத்தில் அமுங்கிப்போகாமல் சக்கரத்தை அவ்வப்போது உருட்டி வைக்க வேண்டும். காற்றின் வேகத்தை அளக்கும் சிறு குழாய்களில் பூச்சி கூடு கட்டாமல் உறை போட வேண்டும். எஞ்சின் வாயை மூட வேண்டும், குறித்த நாளில் திறந்து பார்க்க வேண்டும். எஞ்சினுக்குள் போரோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயை விட்டு, ஒவ்வொரு தகடாகச் சுழற்றி, மயிரிழை விரிசலைத் திரையில் தேடும் வேலை இருக்கிறதே, அதற்கு உட்கார்ந்து பார்க்கும் பொறுமை வேண்டும். குத்தகைக்கு எடுத்த விமானத்தைத் திருப்பிக் கொடுப்பதென்றால் அதன் பராமரிப்புப் பதிவேடுகளைப் பழைய காலம் வரை புரட்ட வேண்டும். ஒரு வகை போய் வேறொரு வகை வரும் ஒவ்வொரு முறையும் விமானிக்குச் சம்பள மணி குறையலாம். ஆனால் விமானம் பழுதுபார்க்கும் கொட்டகையான ஹேங்கரில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

இது சொர்க்கம் இல்லை. பகலெல்லாம் பறந்த விமானங்கள் இரவில்தான் கைக்குக் கிடைக்கும், ஆகவே இரவுப் பணி உறுதி. பெண் பிள்ளைக்கு இரவு வேலையா என்று கேட்பீர்கள். விமானியும் இரவில் பறக்கிறார்தான், அதை யாரும் கேட்கவில்லையே. தொடக்க ஆண்டுகளில் பயிற்சி ஊதியம் சொற்பம். நிறுவனமே மூடினால் பொறியாளருக்கும் சம்பளம் நிற்கும்; ஜெட் ஏர்வேஸில் அதுவும் நடந்தது. மாட்யூல்களை முடிக்காமல் 'டெக்னீஷியன்' என்ற நிலையிலேயே தங்கிவிடுபவர்களும் உண்டு; உரிமம் கைக்கு வராவிட்டால் அந்தப் படிப்பில் பாதிப் பயன்தான். ஆனால் படிப்புச் செலவு சில லட்சங்களில் முடியும். விமானிப் பயிற்சி அரைக் கோடியைத் தாண்டும், டைப் ரேட்டிங் தனி. முதலாவது சரிவராவிட்டால் குடும்பம் நிமிர்ந்துகொள்ளும். இரண்டாவது சரிவராவிட்டால் வீடு போகும்.

ஆகவே இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வீட்டை அடமானம் வைக்காதீர்கள். தம்பிக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தால், கடனை ஷார்ஜாவில் தன் பெயரில் அவர் எடுக்கட்டும். அப்போது வாதம் எந்த வேகத்தில் போகிறது என்று பாருங்கள். மகளே உண்மையில் பறக்கத்தான் வேண்டும் என்று வாயைத் திறந்து சொன்னால், பள்ளியில் ஒரு ரூபாய் கட்டும் முன் வணிக விமானிக்குத் தேவையான 'கிளாஸ் 1' மருத்துவச் சான்று வாங்குங்கள். கட்டணத்தைக் கட்டிவிட்டுக் கண்ணிலோ காதிலோ குறை என்று தெரிந்துகொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பராமரிப்புப் படிப்பு என்றால், நிறுவனத்தின் பெயர் டிஜிசிஏ இணையதளப் பட்டியலில் இருக்கிறதா, பி1.1-க்கு அங்கீகாரமா, பி2-க்கா, அந்த அங்கீகாரம் எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். விளம்பரப் பலகையில் உள்ள விமானப் படத்தை நம்பாதீர்கள். செய்முறைப் பயிற்சிக்கு மாணவர்களை எந்தப் பராமரிப்பு நிறுவனத்துக்கு அனுப்புகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஹைதராபாத், நாக்பூரில் பெரிய பராமரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. நம் ஓசூரிலேயே ஒன்று இருக்கிறது. கடைசியாகப் படித்து வெளிவந்த இரண்டு மாணவர் அணிகளில் எத்தனை பேர் எல்லா மாட்யூல்களையும் முடித்தார்கள் என்பதையும் கேளுங்கள். பதில் சொல்லாமல் மழுப்பினால் அடுத்த நிறுவனத்துக்குப் போங்கள். போகும்போது மகளையும், முடிந்தால் அவளுடைய அப்பாவையும் அழைத்துப் போங்கள். பட்டறையைப் பார்த்தவுடன் அங்கே இருக்கும் கருவிகள் உழைக்கின்றனவா, கண்காட்சிக்கு வைத்திருக்கிறார்களா என்று அவருக்குத் தெரிந்துவிடும்.