ஆலோசகரின் வயதைப் பார்க்கலாமா?

கேள்வி: எனக்கு 57 வயது. மூன்று ஆண்டுகளில் பணி ஓய்வு. சேமிப்பை ஒழுங்குபடுத்த இரண்டு நிதி ஆலோசகர்களைச் சந்தித்தேன். ஒருவருக்கு 33 வயது. கணினியில் கணக்குப் போட்டு மளமளவென்று விளக்குகிறார். இன்னொருவருக்கு 66, நிதானமாகப் பேசுகிறார், பார்த்ததுமே நம்பிக்கை வருகிறது. என் மகன் வயதுள்ளவரை நம்பி வாழ்நாள் சேமிப்பை ஒப்படைக்கத் தயக்கமாக இருக்கிறது. நான் வயதைப் பார்ப்பது தவறா? — ஒரு வாசகி

பதில்: தவறில்லை, சகோதரி. ஆனால் உங்கள் வயதையும் சேர்த்துப் பாருங்கள். இந்தப் பணம் உங்களுக்கு 90 வயதுவரை கைகொடுக்க வேண்டுமென்றால், இன்னும் 33 ஆண்டுகள் இருக்கின்றன. அப்போது இளையவருக்கு 66 வயது, பெரியவருக்கு 99. கணக்கு வழக்குகளைத் தனியாகச் சமாளிக்க நீங்கள் தடுமாறக்கூடிய காலத்தில் பெரியவர் தொழிலில் இருக்கமாட்டார். “உங்களுக்குப் பிறகு என் கணக்கை யார் கவனிப்பார்?” என்று அவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். ஒருவரைப் பெயர் சொல்லி நேரில் அறிமுகப்படுத்தினால், அவருடைய வயதைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம்.

அனுபவம் முக்கியம்தான், அதிலும் உங்களுக்கு மிக முக்கியம். ஓய்வுபெற்ற முதல் சில ஆண்டுகளில் சந்தை சரிந்தால், மாதச் செலவுக்காகப் பங்குகளை அடிமாட்டு விலைக்கு விற்க நேரும். விற்றுத் தீர்த்தவை, சந்தை மீளும்போது உங்கள் கையில் இருக்காது. 2007 அக்டோபருக்கும் 2009 மார்ச்சுக்கும் இடையில் அமெரிக்காவின் பெரிய நிறுவனப் பங்குகளின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு பாதிக்கு மேல் வீழ்ந்தது. பெரியவர் அந்தக் காலத்தைத் தொழிலில் இருந்தபடி கடந்திருக்கக்கூடும். இளையவர் பார்த்த பெரிய சரிவு 2020-இல் வந்தது. சில மாதங்களிலேயே சந்தை நிமிர்ந்துவிட்டது. அதை மட்டும் பார்த்தவருக்குப் பொறுத்திருந்தால் எல்லாம் சீக்கிரம் சரியாகிவிடும் என்ற எண்ணம் வேரூன்றிவிடும் ஆபத்து உண்டு.

ஆனால் எந்த அனுபவம் என்பதையும் விசாரியுங்கள். நாற்பது ஆண்டுகள் காப்பீட்டு பாலிசி விற்றவருக்கு, ஓய்வுபெற்றவரின் சேமிப்பிலிருந்து ஆண்டுதோறும் எவ்வளவு எடுக்கலாம் என்று திட்டமிட்ட பழக்கம் இல்லாமலே போயிருக்கலாம். 2022-இல் பல நாடுகளில் பங்குகளும் கடன் பத்திரங்களும் ஒருசேரச் சரிந்தன. “அப்போது ஓய்வுபெற்றிருந்த வாடிக்கையாளர்களுக்கு என்ன சொன்னீர்கள்?” என்று இருவரிடமும் கேளுங்கள். மழுப்பாமல் பதில் சொல்பவர் 33 வயதுக்காரராக இருந்தாலும் அவருக்கு அனுபவம் இருக்கிறது என்றே கொள்வேன்.

“பார்த்ததுமே நம்பிக்கை வருகிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அந்த வரிதான். அமெரிக்காவின் பெர்னார்ட் மேடாஃப் நாஸ்டாக் பங்குச்சந்தையின் தலைவராக இருந்தவர். மாபெரும் மோசடிக்காக 2008 டிசம்பரில் கைதானபோது அவருக்கு 70 வயது. முதலீட்டாளர்களின் பணம் அவருடைய நிறுவனத்திலேயே இருந்தது, கணக்கு அறிக்கைகளும் அங்கேயே தயாராயின. அதனால்தான் பொய் அவ்வளவு காலம் ஓடியது. எந்த வயது ஆலோசகராக இருந்தாலும் பணம் உங்கள் பெயரில், அவருக்குச் சம்பந்தமில்லாத வேறொரு நிறுவனத்தில் இருக்கட்டும். அறிக்கை அங்கிருந்து நேராக உங்களுக்கு வரட்டும்.

இருவரின் வயதையும் பேச்சையும் விவரமாக எழுதிய நீங்கள், அவர்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று எழுதவில்லை. நான் முதலில் கேட்பது அதைத்தான். நீங்கள் தரும் கட்டணத்தில் மட்டும் வாழ்கிறவரா, விற்கும் திட்டத்துக்குக் கமிஷன் வாங்குகிறவரா? சேமிப்பில் ஆண்டுக்கு ஒரு சதவீதம் கட்டணமாகப் போனால், 30 ஆண்டுகளில் அது சேரவேண்டிய தொகையில் ஏறக்குறைய கால்பங்கைத் தின்றுவிடும். இருவரிடமும் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இருவரும் ஒளிவுமறைவின்றிக் கொடுத்து, மற்றக் கேள்விகளுக்கும் சமமாகப் பதில் சொன்னால், நான் இளையவரையே தேர்ந்தெடுப்பேன். எழுத்தில் தரத் தயங்குகிறவர் எந்த வயதினராக இருந்தாலும், அவரை விட்டுவிட்டு மூன்றாவதாக ஒருவரைத் தேடுங்கள். ஓய்வுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன, அவசரம் வேண்டாம்.