தொட்ட புள்ளி தெரியவில்லை, 25,000 தரலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் பழைய ஸ்கூட்டர் வாங்கி விற்கிறேன். எந்த வண்டி என்ன விலைக்குப் போகும் என்று பார்க்க ஒரு வெப் ஆப் செய்து வாங்கினேன். கீழே கிலோமீட்டர், பக்கவாட்டில் விலை, வண்டிக்கு ஒரு புள்ளி. புள்ளியைத் தொட்டால் ஓரத்தில் விவரம் வருகிறது. ஆனால் தொட்டது எந்தப் புள்ளி என்று படத்தில் தெரிவதில்லை. செய்து கொடுத்த தம்பி, "அதற்குக் காசு கட்டி வேறு சார்ட் சாப்ட்வேர் வாங்க வேண்டும், 25,000 ஆகும்" என்கிறார். தரலாமா?

பதில்: புது சாப்ட்வேருக்கு என்றால் தராதீர்கள். இப்போது எதில் செய்திருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். ப்ளாட்லி என்ற சார்ட் சாப்ட்வேர் என்றால் அது 2015 முதல் எம்ஐடி என்ற திறந்த உரிமத்தில் இலவசம். கடைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். டி3 என்ற இன்னொரு சார்ட் சாப்ட்வேரும் இலவசம்தான். ஹைசார்ட்ஸ் போன்றவற்றுக்குத்தான் வியாபாரத்துக்கென்றால் உரிமம் வாங்க வேண்டும்.

ப்ளாட்லியில் 'கிளிக்மோட்' என்று ஒரு செட்டிங் உண்டு. யாரும் மாற்றாமல் விட்டால் அது 'ஈவென்ட்' என்றே இருக்கும். கிளிக் விழுந்ததை ஆப்புக்குச் சொல்லும், படத்தில் எதையும் மாற்றாது. உங்கள் ஆப்பில் நடப்பது இதுதான் போலிருக்கிறது. அதை 'ஈவென்ட்+செலக்ட்' என்று மாற்றினால் தொட்ட புள்ளி பளிச்சென்று நிற்கும், மற்றவை மங்கிவிடும். ஒரு வரி வேலை. இதற்கா 25,000?

ஆனால் தம்பி பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 2018 மாடல் மட்டும் காட்டு என்று வடிகட்டினால் படம் புதிதாக வரையப்படும். 'பதினேழாவது புள்ளி' என்று ஆப் நினைவு வைத்திருந்தால், இப்போது பதினேழாவதாக நிற்பது வேறு வண்டி. கஸ்டமர் கேட்டது ஒன்று, மின்னுவது இன்னொன்று! அதனால் ஒவ்வொரு புள்ளியோடும் வண்டியின் பதிவு எண்ணைச் சேர்த்து வைத்து, அதை வைத்துத்தான் தேட வேண்டும். இதற்குக் கொஞ்சம் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கும். முதல் பேச்சில் இது இல்லையென்றால் அந்த உழைப்புக்குக் கூலி கொடுப்பதுதான் முறை. நிறத்தை மட்டும் மாற்றாமல், புள்ளியைப் பெரிதாக்கிக் கறுப்பு விளிம்பும் போடச் சொல்லுங்கள். சிவப்பு, பச்சை பிரித்தறியாத ஆட்களும் கடைக்கு வருவார்கள்.

"தொட்டால் புள்ளி தனியாகத் தெரியும்" என்று முதலிலேயே வாட்ஸ்அப்பிலாவது பேசியிருந்தால் கூடுதலாக ஒரு பைசாவும் வேண்டாம். பேசியதைச் செய்ய மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேளுங்கள். வியாபாரத்துக்காக வாங்கிய சேவை நுகர்வோர் சட்டத்தில் பொதுவாக வராது. சொந்தமாக உழைத்துப் பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியது என்றால் வரலாம். கடையை நீங்களே பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால் அதைச் சொல்ல மறக்காதீர்கள்.

மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் நீங்களே சோதியுங்கள். ஒரு புள்ளியைத் தொடுங்கள், வடிகட்டியை மாற்றுங்கள், பழையபடி வையுங்கள். அதே வண்டி மின்ன வேண்டும். அப்புறம் ஒரே விலை, ஒரே கிலோமீட்டர் உள்ள இரண்டு வண்டிகளைத் தேடிப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும், அடியில் இருப்பதைத் தொடவே முடியாது. அதற்கு என்ன வழி என்று அவரிடமே கேளுங்கள்.