தாழியும் கலயமும்

கேள்வி: போன மாதம் என் அப்பா தவறிவிட்டார். ஆங்கில இலக்கியம் படிக்கும் மகள், ஆன்மா அழியாது என்று பழைய ஆங்கிலேயர்கள் எழுதியதைப் படிக்க வேண்டும் என்கிறாள். எதில் தொடங்கலாம்?
- வாசகர், மன்னார்குடி

பதில்: தாமஸ் பிரௌனில் தொடங்கச் சொல்லுங்கள். நாரிச் நகரில் வைத்தியம் பார்த்தவர். அதே நார்ஃபோக் மாவட்டத்து வால்சிங்கத்தில், ஒரு வயலில் நாற்பது ஐம்பது தாழிகள் கிடைத்ததை வைத்து 1658-இல் ஒரு சிறு நூல் எழுதினார். வறண்ட மணல் மண், மூன்றடி ஆழம்கூட இல்லை என்கிறார். சிலவற்றில் இரண்டு பவுண்டு எலும்பு, கூடவே சீப்புத் துண்டுகள். ரோமானியர் காலத்தவை என்று நினைத்தார். அவை ரோமானியருக்குப் பின் இங்கிலாந்தில் குடியேறிய சாக்சன்களுடையவை என்று பிறகு தெரிந்தது. யாருடைய எலும்பு, என்ன பெயர் என்று எதுவும் மிஞ்சாததை நினைத்து நினைத்து எழுதுகிறார். நம் மணிமேகலையும் புகார்ச் சுடுகாட்டைச் சொல்லும்போது, சுடுவோர் முதல் தாழியில் கவிப்போர் வரை வரிசையாகச் சொல்கிறதே, அதையும் மகளிடம் கொடுங்கள்.

என் அம்மா போனது ஒரு வைகாசியில். மேட்டூர் திறக்கவில்லை. திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் பொட்டுத் தண்ணீர் இல்லை. மணலில் முழங்கால் ஆழத்துக்கு ஊற்றுத் தோண்டி, சுரந்த நீரில் அஸ்திக் கலயத்தைக் கவிழ்த்தோம். வீட்டுக்கு வந்து பிரௌனை எடுத்தேன். அந்த 'மணல் மண்' வரியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அவரை நான் நம்புவதற்கு இன்னொரு காரணம் உண்டு. உடலோடு ஆன்மாவும் மடிந்து உலகின் கடைசி நாளில்தான் எழும் என்று இளமையில் தானே நம்பியதை, 1643-இல் வந்த நூலில் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். சந்தேகப்பட்டுத் தெளிந்தவர் பேச்சு துக்க வீட்டில் காதில் ஏறும்.

கேம்பிரிட்ஜின் ஹென்றி மோர் 1659-இல் ஆன்மாவின் அழியாமை பற்றியே பெரிய நூல் எழுதினார். பேய், ஆவிக் கதைகளையும் சான்றாகக் கொண்டுவருகிறார். அது இப்போது வேண்டாம், அப்புறம் படிக்கட்டும். இதே பொருளில் ஜான் டேவிஸ் எழுதிய 1599-ஆம் ஆண்டு நெடும்பாட்டு நான்கு நான்கு வரியாகப் போகும். அதை வாய்விட்டுப் படிக்கலாம்.

கேள்வி: ஆன்மாவும் சாகும் என்று அந்தக் காலத்தில் யாராவது எழுதினார்களா?
- கல்லூரி மாணவர், திருவாரூர்

பதில்: எழுதினார்கள், அதுவும் கடவுளை நம்பிக்கொண்டே. மனிதன் முழுதாகச் சாகிறான், உயிர்த்தெழும் நாளில் முழுதாக எழுவான் என்றார் ரிச்சர்ட் ஓவர்டன், 1643-இல். மறு ஆண்டு ஆகஸ்டில், ஆன்மாவின் அழியாமைக்கு எதிரான பிரசுரத்தையும் மணமுறிவு பற்றிய பிரசுரத்தையும் எழுதியவர்களைத் தேடச் சொல்லி நாடாளுமன்றக் கீழவை உத்தரவிட்டது. இரண்டாவதை எழுதியவர் கவிஞர் மில்டன். ஆன்மா விஷயத்தில் அவர் கருத்தும் ஓவர்டன் பக்கம்தான். லத்தீனில் எழுதி வைத்திருந்தார். அவர் இறந்தது 1674-இல். அந்தக் கைப்பிரதி கிடைத்தது 1823-இல், அச்சேறியது 1825-இல்.